கட் பண்ணாத ஊறுகாய் விளம்பரம்

2016-ல் நடந்தது இது. என் கணவர் நெய்வேலி சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, நாங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டிருந்தோம். பரணிலிருந்து இரண்டு மூட்டை வீடியோ கேசட் இறங்கியது.

எல்லாம் என் கைவண்ணம். தொண்ணூறுகளில் அவருக்கு செகண்ட் ஷிப்ட் வந்தால் டி.வி. தொடர் பார்க்க முடியாது. நான் வீடியோ டெக்கில் பதிவு செய்து வைப்பேன். மறுநாள் காலையில் பார்ப்பார். எங்கள் பிளாக்கில் டெக் இருந்த வீடுகளில் பெண்களுக்கு இதுவும் ஒரு வேலை. விளம்பரம் வந்தால் நிறுத்த வேண்டும், தொடர் ஆரம்பித்ததும் மறுபடி பட்டனை அமுக்க வேண்டும். நான் தோசைக்கல்லிடம் போய்விட்டால் அதோடு சரி, மறந்துவிடுவேன்.

"பக்கத்து வூட்ல எவ்ளோ நறுக்குன்னு புடிச்சி வெச்சிருக்காங்க. நீ சோப்பு, ஊறுகான்னு எல்லாத்தயும் புடிச்சி வெச்சிகினு இருக்க" என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கேசட்டுகளை எடைக்குப் போடச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. யாருக்காவது பயன்படுமா என்று இணையத்தில் தேடினேன். பழைய டி.வி. விளம்பரங்களைச் சேர்த்துவைக்கும் காப்பகம் ஒன்று கண்ணில் பட்டது. அதில் ஒரு பெண், தன் அம்மா 'கையை அலம்பிடாதீங்க' என்று ஆரம்பிக்கும் ஓர் ஊறுகாய் விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தவர் என்றும், அவர் இறந்துவிட்டார் என்றும் எழுதியிருந்தார். அம்மாவின் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லையாம். விளம்பரங்களை வெட்டிவிட்டோமே என்று பலரும் வருத்தப்பட்டுப் பதில் போட்டிருந்தார்கள்.

டெக்கைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு கேசட்டாகப் போட்டுப் பார்க்க உட்கார்ந்தேன். வீட்டை ஒப்படைக்க ஒரு வாரம்தான் இருந்தது. பாதி கேசட்டில் பூஞ்சை. ஐந்தாம் நாள், ஒரு தொடரின் நடுவில் அந்தக் குரல் வந்தது: "கையை அலம்பிடாதீங்க, இன்னும் ஒரு வாய் இருக்கு." ரீவைண்ட் செய்து மறுபடி போட்டுக் கேட்டேன்.

கம்ப்யூட்டர் கடையில் கொடுத்து டிஜிட்டலாக மாற்றி, என் போன் நம்பரோடு அதைக் காப்பகத்தில் ஏற்றினேன். மறுநாள் அந்தப் பெண் போன் செய்தார். கொஞ்ச நேரம் அழுகைதான் கேட்டது. "அம்மா வீட்லயும் இப்படித்தாங்க சொல்லுவாங்க" என்றார். பக்கத்தில் நின்ற என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த விளம்பரத்தைப் போட்டுக் காட்டுகிறார். "எல்லாரும் கட் பண்ணிட்டாங்க. இவ ஒருத்திதான் அப்டியே வுட்டு வெச்சா" என்கிறார். தோசைக்கு நடுவே நான் அமுக்க மறந்த ஒரு பட்டனால் ஒரு மகளுக்கு அவள் அம்மாவின் குரல் திரும்பக் கிடைத்தது என்பதில் எனக்கு இன்றைக்கும் கர்வம்தான்.