காற்று தொடங்கிவைத்த எங்கள் இயந்திரம்

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கடைசி வருடம். வகுப்பில் பெண்கள் நானும் என் தோழியும் மட்டும்தான். புராஜெக்ட்டுக்கும் நாங்களே ஒரு குழுவானோம். எங்கள் இயந்திரத்தில் கோலி ஒன்றை உருட்டிவிட்டால் அது ஒன்றைத் தட்ட, அது இன்னொன்றைத் தள்ள, ஒன்பதாவது படியில் சைக்கிள் மணி அடிக்க வேண்டும். இதனால் என்ன பயன் என்று பையன்கள் கேட்டார்கள். எங்களுக்கும் தெரியாது. ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

தோழியின் அம்மா கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டும் வேலை பார்த்தார். அங்கே கழித்துப் போட்ட காலிப் பெட்டிகளை அவள் ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். செங்குத்தாக வரிசையில் நிறுத்தினோம். ஜன்னல் காற்றில் மொத்தமும் சரிந்தது.

"ஏட்டி, காத்துக்கே விழுது. கோலி வந்து தட்டுத வரைக்கும் இது எங்க நிக்க?" என்றாள்.

வெளியே போய்க் கரிசல் மண்ணை அள்ளி வந்து பெட்டிகளில் அடைத்தோம். கோடை மழையில் நனைந்த மண் என்பதை யோசிக்கவில்லை. மறுநாள் அட்டையெல்லாம் ஊறிப் பிதுங்கிக் கிடந்தது. மண்ணைக் காயவைத்து, சலித்து, வேறு பெட்டிகளில் மறுபடி அடைத்தோம்.

தேர்வு நாளில் வெளியூர்த் தேர்வாளர் உள்ளே நுழைந்ததும், லேப் உதவியாளர் மரியாதைக்காக மின்விசிறியைப் போட்டார். பெட்டிகள் அசையவில்லை. ஆனால் நடுவில் நூலில் தொங்கிய தகர மூடி ஆடி, இரண்டாவது கோலியைத் தட்டிவிட்டது. அங்கிருந்து மீதி வரிசை ஓடி, தேர்வாளர் நாற்காலியில் உட்காருவதற்குள் மணி அடித்துவிட்டது.

"யாரும்மா ஆரம்பிச்சது?" என்று கேட்டபடி உட்கார்ந்தார்.



"காத்து, சார்," என்றாள் தோழி. "பாதியிலருந்து ஓடிருச்சு. மொத பாதி அப்படியே நிக்கிது."

நாங்கள்தான் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவள்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

தேர்வாளர் எழுந்து போய் விசிறியை நிறுத்தினார். "திரும்ப அடுக்குங்க. நான் இருக்கேன்."

முக்கால் மணி நேரம் ஆனது. சித்திரை வெயிலில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாரே தவிர, விசிறியைப் போடச் சொல்லவில்லை. அவசரத்தில் நான் ஒரு பெட்டியைச் சாய்த்தபோது, தோழி சட்டென்று உள்ளங்கையைக் குறுக்கே வைத்து மற்றவை விழாமல் மறித்தாள். என் கோபம் அங்கேயே போய்விட்டது.

கோலியை உருட்டினேன். பெட்டிகள் சாய்ந்தன, மூடி ஆடியது, மணி அடித்தது. பதினைந்து எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்தது.

"நல்லாருக்கு. இன்னொரு தடவை காட்டுறீங்களா?" என்றார்.

"வேண்டாம், சார்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். அவர் சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார்.