தங்கச்சி முடி

எனக்கும் என் தங்கைக்கும் ஐந்து வயது வித்தியாசம். எங்களைப் பார்க்கிறவர்கள் முதலில் கவனிப்பது வயதை அல்ல, முடியை. என்னுடையது அப்பா வழி. மெல்லிசு, கொஞ்சம் செம்பட்டை, எண்ணெய் வைத்தால் மண்டையோடு ஒட்டிக்கொள்ளும். அவளுடையது அம்மா வழி. பத்து வயதிலேயே பின்னல் இடுப்பைத் தாண்டிவிட்டது.

நார்த்தாமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பள்ளிக்கூடம் கிளம்புமுன் அம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துத் தலை சீவிவிடுவாள். எனக்கு இரண்டு நிமிடம் போதும். தங்கைக்கு அரை மணி நேரம் ஆகும். சீவி முடித்ததும் சீப்பில் சிக்கிய முடியை அம்மா எடுப்பாள். என்னுடையதைச் சுருட்டி, துப்பி, குப்பையில் போட்டுவிடுவாள். தங்கையுடையதை மட்டும் விரலில் சுற்றி, ஆணியில் தொங்கும் மஞ்சள் பைக்குள் வைப்பாள்.

"ஏம்மா, அவளோடதை மட்டும் சேத்து வைக்கிற?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒனக்குத்தான் ஆத்தா. ஒன் கல்யாணத்துக்குச் சவுரி வேணும்ல?"

சொந்த முடியோடு சேர்த்துப் பின்னிக்கொள்ளும் கட்டுமுடிதான் சவுரி. அம்மா சொன்னபடியே செய்தாள். எனக்கு நிச்சயம் ஆனதும், பை நிறைய இருந்த முடியை, சவுரி கட்டுகிற ஒரு பெண்ணிடம் கொடுத்து, மூன்று பிரியாகத் தொங்கும் மூன்று கால் சவுரியாக வாங்கி வந்தாள். தங்கை அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டு வீடெல்லாம் நடந்து காட்டினாள். கல்யாணப் புகைப்படத்தில் என் பின்னல் பூவோடு இடுப்புவரை இறங்குகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

நான் கணக்கு ஆசிரியை. குன்றாண்டார்கோவில் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. நாளெல்லாம் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்டில் எழுதுகிற வேலை அது. அறுபது கண்ணும் பின்னலைப் பார்க்கும் என்று எனக்கொரு எண்ணம். அதனால் கல்யாணத்தோடு கழற்றி வைத்திருக்க வேண்டிய சவுரியைத் தினமும் வைத்துப் பின்ன ஆரம்பித்தேன். என் முடி செம்பட்டை, அவள் முடி கருப்பு. இரண்டும் ஒன்றாகத் தெரிய நிறைய எண்ணெய் வைக்க வேண்டும். சாயங்காலம் புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது உச்சந்தலை வலிக்கும். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அதைக் கழற்றி பீரோவுக்குள் வைப்பேன். என் வீட்டுக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பார்க்காத மாதிரி பேப்பரைப் புரட்டுவார். பதினோரு வருஷம் அப்படியே போனது.

புதுக்கோட்டையில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோன அன்றுதான் எல்லாம் உடைந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து சக ஆசிரியைகள் வந்திருந்தார்கள். தங்கை அறந்தாங்கியிலிருந்து புருஷனோடும் மூன்று வயதுப் பையனோடும் முதல் நாளே வந்து, எனக்கு ஒரு வேலையும் வைக்காமல் இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தாள். பந்தியில் அவள் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தபோது எங்கள் தமிழ் டீச்சர் என் பின்னலைப் பிடித்துப் பார்த்தார்.

"எம்புட்டு முடி டீச்சர் ஒங்களுக்கு! என்ன எண்ணெய் வைக்கிறீங்க?"

நான் வாயைத் திறக்குமுன் தங்கை சிரித்துக்கொண்டே சொன்னாள். "அது என் முடிங்க டீச்சர். எங்கம்மா சேத்து வச்சு அக்காவுக்குக் குடுத்தது."

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது. அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள். தன்னுடைய ஒன்று அக்காவிடம் இருக்கிறது என்கிற பெருமை. அப்போது எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. அவள் பின்னாலேயே சமையல்கட்டுக்குப் போனேன்.

"ஒனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதானேடி. அதையும் சொல்லிக் காட்டலேன்னா வேற என்னத்தப் பேசுவ நீ?"

அவள் ப்ளஸ் டூவில் கணக்கில் தவறியவள். அதற்குப் பிறகு எழுதவில்லை. நான் சொன்னது எங்கே போய்க் குத்தும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியை மெதுவாக வாளிக்குள் வைத்தாள். பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்ற புருஷனிடம், "கெளம்புவோங்க" என்றாள். சாப்பிடாமல் போய்விட்டாள்.

இரண்டு வருஷம் பேச்சில்லை. பொங்கலுக்கு அம்மா போனை அவளிடம் கொடுப்பாள். அந்தப் பக்கம் மூச்சு கேட்கும். நானும் ஒன்றும் சொல்லமாட்டேன். பிறகு அம்மாவே வாங்கி, "சரி, வச்சுடுறேன்" என்பாள்.

அந்த வீட்டு விசேஷம் முடிந்த திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல் பீரோவைத் திறந்து சவுரியைக் கையில் எடுத்தேன். அவள் தலையையே தொட்ட மாதிரி இருந்தது. வைக்க முடியவில்லை. வைக்காமல் போகவும் தைரியமில்லை. அன்றைக்கு லீவு போட்டேன்.

மறுநாளும் போகவில்லை. சாயங்காலம், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரே அறையில் நடக்கும் பார்லருக்குப் போனேன். அதை நடத்துகிற பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். சொந்த ஊர் குடுமியான்மலை. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கிளிப்பை எடுத்து, முடியை விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். உச்சியில் வகிடு ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாகத் தெரிந்தது. கண்ணாடியில் பார்க்கப் பிடிக்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது பொறவியிலேயே மெல்லிசு முடி. ஆனா இங்கிட்டு உச்சியில கொட்டினது பொறவி இல்லைங்க. கனத்தைத் தொங்கவிட்டுத் தொங்கவிட்டு நீங்களே புடுங்கியிருக்கீங்க."

"இதை அடர்த்தியாக்க ஏதாவது இருக்கா?" என்றேன். எத்தனையோ எண்ணெய் வாங்கியிருக்கிறேன் என்றும் சொன்னேன்.

அவர் சிரித்தார். "எங்க ஊர்ல சாமிக்கே குடுமி முளைச்சிருக்கு. அது சாமி. நான் இல்லாத முடியை முளைக்க வைக்க முடியாதுங்க. இருக்கிறதை நிறைய மாதிரி காட்டலாம். நீளத்துல ஆசைய விடுங்க. இம்புட்டு மெல்லிசு முடியை நீளமா விட்டா எலி வாலுதான்."

தோளுக்குக் கொஞ்சம் மேலே, அடியை ஒரே மட்டமாக வெட்டினார். வகிட்டை நடுவிலிருந்து இடது பக்கம் மாற்றினார். பல வருஷம் ஒரே பக்கம் படுத்துக் கிடந்த முடி, மாற்றியதும் படுக்க மாட்டேன் என்று எழுந்து நின்றது. வெட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். குளித்ததும் குனிந்து முடி மொத்தத்தையும் முன்பக்கம் போட்டுக் காய வைக்க வேண்டும். எண்ணெயை வைத்துக்கொண்டே திரியக் கூடாது, குளிக்கிற அன்றைக்குக் கொஞ்ச நேரம் முன்னால் வைத்தால் போதும். கண்டிஷனர் போட்டால் நுனியில் மட்டும். இறுக்கிக் கட்டவே கூடாது. கடைசியில், "எதுக்கும் ஒரு தடவை ரத்தம் டெஸ்ட் எடுத்துப் பாருங்க" என்றார்.

எடுத்தேன். ரத்தம் குறைவாகத்தான் இருந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார்.

முடி வெட்டிக்கொண்டு முதல் நாள் வகுப்புக்குப் போனபோது, போர்டில் பக்கவாட்டில் நின்றுகொண்டு எழுதிப் பார்த்தேன். எழுத்து கோணலாகப் போனது. சரி என்று திரும்பி நின்று எழுதினேன். ஒரு சத்தமும் இல்லை. கடைசி பெஞ்சில் ஒரு பெண் மட்டும், "டீச்சர், சின்னப் புள்ள மாதிரி இருக்கீங்க" என்றாள். நான் சமன்பாட்டைத் தப்பாக எழுதிவிட்டு அழித்தேன். இடைவேளையில் அதே தமிழ் டீச்சர் பதறிப்போய் வந்தார்.

"ஏன் டீச்சர் வெட்டினீங்க?"

"நீளத்தை நான் எங்க வெட்டினேன்? அது என் தங்கச்சியோடதுதான் டீச்சர். அன்னைக்கு அவ சொன்னது வெளையாட்டில்ல, நெசம்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார். "என்னோடதுலயும் பாதி சவுரிதான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." இத்தனை வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம்.

முடி கூடியதா என்று கேட்டால், இல்லை. கூடின மாதிரி தெரிந்தது. தலை லேசாக இருந்தது. உச்சியில் வலி நின்றுவிட்டது. ஆனால் தினமும் தலை சீவும்போது தங்கையின் ஞாபகம் வராமல் இருந்ததில்லை. நான் கணக்கு டீச்சர், என் தங்கை கணக்கில் தவறியவள். அவள் ப்ளஸ் டூ படித்த வருஷம் நான் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தேன். லீவில் வந்தபோதுகூட அவள் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில்லை. அவள் முடிக்குத்தான் நேரம் வேண்டும், கணக்குக்கு வேண்டாம் என்று வீட்டில் எல்லாரும் நினைத்தோம். நானும் நினைத்தேன்.

போன வருஷம் அவளுக்கு இரண்டாவதாகப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பார்த்தேன், தங்கை தூங்குகிற நேரமாகப் பார்த்துப் போய்விட்டு வந்தேன். நாலு மாதம் கழித்து அம்மா போன் செய்தாள்.

"தங்கச்சிக்கு முடியெல்லாம் கொத்துக் கொத்தா கொட்டுதுடி. ரூமை விட்டு வெளிய வர மாட்டேங்குறா. புள்ளைக்குப் பால் குடுக்குறப்பகூட அழுகுறா."

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. ஒரு நொடிதான். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் வந்தது உண்மை. அந்த நொடியை நினைத்து எனக்கே பயமாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனேன்.

அவள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை பக்கத்தில் கையை ஆட்டிக்கொண்டு கிடந்தது. என்னைப் பார்த்து, இரண்டு வருஷத்தில் முதல் வார்த்தையாக, "முடி வெட்டிட்டியாக்கா?" என்றாள்.

"வெட்டி ரொம்ப நாளாச்சு. அன்னைக்கு நான் பேசினது தப்புடி. பேசியிருக்கக் கூடாது."

"நெசத்தைத்தானே சொன்ன" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பொண்ணு பாக்க வந்தப்ப எங்க மாமியா ஜடையைத்தான் புடிச்சுப் பாத்தாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. இப்ப போன்ல தினமும், முடி நின்னுச்சான்னுதான் கேக்குறாங்க. புள்ள எப்படியிருக்குன்னு அப்புறம்தான். அது ஒண்ணுதான் இருந்துச்சு, அதுவும் போச்சு."

அவள் தலையிலிருந்து துண்டை அவிழ்த்தேன். தடுக்கவில்லை. பின்னல் பாதியாக இளைத்திருந்தது, நெற்றியோரம் வெறுமையாக இருந்தது.

"புள்ளை பெத்த நாலாம் மாசம் இப்படிக் கொட்டுமாம். எங்க தெருவுல இருக்கிற நர்ஸம்மா சொன்னாங்க. திரும்பி வந்துரும்."

"வரலேன்னா?"

"வரலேன்னா என்ன? மெல்லிசு முடியை வச்சுக்கிட்டு எப்படி இருக்கிறதுன்னு எனக்குத் தெரியும்டி. நாப்பது வருஷ அனுபவம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் சேர்ந்து வந்தது. அம்மா குழந்தையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். கொல்லையில் கல்லில் உட்காரவைத்து அவளுக்குத் தலைக்கு ஊற்றினேன். அவள் தலையை நான் கழுவிவிட்டது அதுதான் முதல் தடவை. தண்ணீரோடு முடி போய்க்கொண்டே இருந்தது. அவள் பார்க்காமல் இருக்க நான் காலால் ஒதுக்கினேன். பிறகு குனியச் சொல்லி, முடியை முன்னால் போட்டு, வெயிலில் விரலால் உதறி உதறிக் காய வைத்தேன். வகிட்டை வலது பக்கம் மாற்றினேன். கண்ணாடியைக் காட்டியதும் அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"பரவால்லக்கா" என்றாள்.

கிளம்பும்போது, ப்ளஸ் டூ கணக்கை மறுபடி எழுதுகிறாயா, நான் சொல்லித் தருகிறேன் என்று கேட்டேன். "அதை இப்ப விடுக்கா" என்றாள். அதில் அவளுக்கு இன்னும் வலி இருக்கிறது. நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

அவளுக்கு முடி திரும்பி வந்தது, முழுசாக அல்ல. நெற்றியோரம் குட்டி முடிகள் சீப்புக்கு அடங்காமல் நின்றன. பின்னல் பழைய கனத்துக்கு வரவில்லை. முன்பு வாரம் ஒரு நாள் தலைக்குக் குளித்தால் பாதி நாள் போய்விடும், இப்போது சீக்கிரம் வேலை முடிகிறது என்று அவளே ஒரு நாள் போனில் சொன்னாள்.

குழந்தைக்கு ஒரு வயது ஆனதும் அவர்கள் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட ஏற்பாடு. நானும் வீட்டுக்காரரும் போயிருந்தோம். கோயில் வேப்பமரத்தடியில் எல்லாரும் கூடியபோது, தங்கையின் மாமியார் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, "இது ஆரு வீட்டு முடி? நம்ம வீட்டுதா, அவங்க அம்மாவோடதா?" என்றார்.

"எந்த வீட்டு முடியா இருந்தா என்ன அத்தை? இப்ப எடுக்கத்தானே போறோம்" என்றாள் தங்கை. மாமியாரும் சிரித்துவிட்டார்.

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் மொட்டை அடிப்பது வழக்கம். எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. முறைக்கு யாரைக் கூப்பிடலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"நீ உக்காருக்கா."

"பொம்பளை மடியிலயா?" என்று யாரோ பின்னால் கேட்டார்கள். அவள் காதில் வாங்கவில்லை. நான் மணையில் உட்கார்ந்தேன். குழந்தையை என் மடியில் வைத்து, அதன் இரண்டு கையையும் அவளே பிடித்துக்கொண்டு எதிரில் குந்தினாள். தலையில் தண்ணீர் பட்டதும் குழந்தை வீல் என்று கத்தியது. "ஆட விடாதீங்கம்மா" என்றார் கத்தியோடு நின்றவர். நான் அந்தச் சின்னத் தாடையை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.