கம்பி வெட்டும் குறடு

லா சப்பல் மெத்ரோ ரெயில் ஸ்டேசன் படியில் விழுந்து என் மனிசனுக்குத் தாடை உடைந்துபோனது. ஆஸ்பத்திரியில் இரண்டு வழி சொன்னார்கள். ஒப்பரேசன் செய்து பிளேட் வைக்கலாம், அல்லது மேற்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டலாம். கட்டினால் இது எப்பவும் பக்கத்தில் இருக்க வேண்டுமென்று டொக்டர் ஒரு குறட்டை மேசையில் வைத்தார்.

யாழ்ப்பாணத்தில் அப்பா சைக்கிளால் விழுந்து தாடை உடைந்தபோதும் இப்படி ஒரு குறடுதான் தந்தார்கள். வயிற்றைப் பிரட்டிச் சத்தி வந்தால் உடனே கம்பியை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் மூச்சடைக்கும். அம்மா அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, ஆறு கிழமை அப்பாவின் கட்டிலடியில் கண் மூடாமல் இருந்தா. கம்பி கழற்றியதும் அப்பா வாய் திறந்து அம்மாவுக்குச் சொன்ன முதல் கதை, "கஞ்சிக்கு ஒருநாளும் உப்புக் காணாது."

"ஒப்பரேசன் வேண்டாம், கம்பியே கட்டுவம்" என்று பல்லுக்குள்ளால் முனகினார் மனிசன்.

"பிளேட் வையுங்கோ," என்றேன். "எனக்கு நித்திரை வேணும்."