மிருக நட்சத்திரத்துக்குப் பிந்திய பூஜை

வயலில் வைத்துக் கும்பிட எடுத்துவந்த தேங்காயை உடைக்காமலே என் மூத்த ஓரகத்தி கூடைக்குள் திருப்பி வைத்த அந்தக் காலைவேளை இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டாயிரமாம் ஆண்டைத் தாண்டிய ஒரு ஜூன் மாதம். கடக்வாஸ்லா அணைக்கு அப்பால், என் கணவரின் அண்ணன் ஓய்வுபெற்றதும் வாங்கிய சிறு நிலம். மழைக்காலத்தைத் தொடங்கிவைக்கும் மிருக நட்சத்திரம், நம் மிருகசீரிடம், பிறந்த அன்று பூஜை போட்டு விதைப்பது அந்த ஊர் வழக்கம். சுற்றிலும் எல்லோரும் விதைக்கத் தொடங்கிவிட்டார்கள். முந்தைய வருடம் அவளும் அப்படித்தான் விதைத்தாள். ஒரு தூறலோடு மழை நின்று, முளைத்ததெல்லாம் கருகிப்போனது. இந்த முறை மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு, "மேலாக்கதான் ஈரம். உள்ள காஞ்சு கெடக்கு. இன்னைக்கு வேண்டாம்" என்றாள்.

"நாளைத் தப்ப விட்டா சாமி குத்தம் ஆயிரும்க்கா" என்றேன்.

"சாமி எங்க போயிரப் போறாரு? மழை வரட்டும், அன்னைக்கே கும்பிட்டுக்கிடுவோம்."

அந்த நொடியில் எனக்குள் எழுந்தது பொறாமை. நகரத்தில், எங்கள் சிஞ்ச்வட் ஃபிளாட்டில், பஞ்சாங்கம் பார்க்காமல் காஸ் சிலிண்டர்கூட மாற்றாதவள் நான். ராகு காலம் என்று மகளின் பள்ளி நேர்காணலுக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கியிருக்கிறேன். இவளோ, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலக் கடவுளிடம் பூஜை நாளை மாற்றிக்கொள்கிறாள். குடும்பத்தில் எல்லோரும் அவளைக் கொண்டாடியபோதுகூட எனக்கு இவ்வளவு எரிந்ததில்லை.

பக்கத்து நிலத்து மராத்திக்கார அம்மாவுக்குக் கோபம். ஒருத்தி முறை தவறினால் ஊருக்கே மழை வராது என்று சொல்லி, வரப்பில் எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொன்னதுபோலவே மழை பொய்த்தது. ஊரின் பயிர் வாடியது. அக்கா யாரிடமும் வாதாடவில்லை.

ஜூலையில் மழை இறங்கியது. அன்று நாங்களும் போயிருந்தோம். அக்கா தான் விதைக்க வைத்திருந்த நிலக்கடலையில் பாதியை முறத்தில் அள்ளிக்கொண்டு, பயிர் போன அந்த அம்மா மறுபடி விதைக்கட்டும் என்று நேராக அவள் வாசலில் போய் நின்றாள். "பூஜைக்கு வாங்கம்மா" என்று மராத்தியில் கூப்பிட்டாள். அந்த அம்மா முறத்தை வாங்கி உள்ளே வைத்தாள். பிறகு குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். நனைந்த மண்ணில் இருவரும் சேர்ந்து கும்பிட்டார்கள்.

பிந்தி விதைத்ததால் அக்காவுக்கும் விளைச்சல் குறைவுதான். ஆனால் அடுத்த வருடம், பூஜை என்றைக்கு என்று கேட்டு அந்த ஊர்ப் பெண்கள் அவள் வீட்டுக்கே வந்தார்கள்.

"அண்ணிக்குக் கடவுள் ரொம்பப் பழக்கம் போல" என்று என் கணவர் சிரித்தார்.

இப்போதெல்லாம் பஞ்சாங்கம் சொன்ன நாளில் மழை வருவதில்லை. அக்கா அதற்காகக் காத்திருக்கிறாள், வந்ததும் கும்பிடுகிறாள். நானோ நல்ல நேரம் முடிந்துவிடுமோ என்று கடிகாரத்தைப் பார்த்தபடியே விளக்கேற்றுகிறேன்.