உம்மணாமூஞ்சியின் சிரிப்பு

பல்செட் செய்பவருக்குத் தெருவில் வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. காதுபடவே சொல்வார்கள். அவரும் அதற்குத் தகுந்தாற்போல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடப்பார். நாளெல்லாம் ஊரார் வாய்க்குப் பல்வரிசை கட்டிவிட்டு வீடு திரும்பினால், ஜன்னலோர மேஜையில் கட்டைவிரல் உயரப் பொம்மைகள் செய்ய உட்கார்ந்துவிடுவார்.

மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. கூடவே கொண்டுபோக அப்பா, அம்மா, தான் என்று மூன்று பொம்மைகள் கேட்டாள். ஒரே நிபந்தனை, அப்பா சிரிக்க வேண்டும்.

கலந்தால் மெல்ல இறுகும் எபாக்சி புட்டி என்ற பசைமாவில் நீல உருண்டையையும் மஞ்சள் உருண்டையையும் சேர்த்துப் பிசைந்து, பச்சையாகத் திரண்டதும் ஊசிமுனையில் எடுத்து அப்பினார். மற்ற இரண்டு பொம்மைகளும் சொன்னபடி கேட்டன. தன் வாய்தான் படாத பாடு படுத்தியது. இறுகியதைச் செதுக்கி எறிவார், புதிதாக வைப்பார். கடைசியாக வைத்ததைப் பார்த்த மகள், பல்செட் விளம்பரம் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டப் போய்விட்டாள். காலையில் கிளம்புகிறவளோடு பொம்மையிலும் உம்மணாமூஞ்சியாகவே போகப்போகிறோம் என்று நினைத்ததும் மறுபடி பிளேடை எடுத்தார்.

அந்த வாயையும் செதுக்கிவிட்டு, பிசைந்ததில் மிச்சமிருந்த புட்டியை வைத்தார். வெட்கத்தை விட்டு மனைவியிடம் கேட்டார்.

"நான் சிரிச்சா எப்படி இருக்கும்?"

"சிரிக்கிறதே அபூர்வம். அப்பவும் வாய் ஒரு பக்கமாத்தான் போகும்."

சொன்னவள் ஊசியை வாங்கித் தண்ணீரில் நனைத்து, எள்ளளவு வாயின் ஓர் ஓரத்தை மேலே தள்ளிவிட்டாள்.

அவருக்குக் கை துறுதுறுத்தது. கோணலைக் கண்டால் நேராக்காமல் இருக்க முடியாத தொழில்புத்தி. புட்டி இறுகாதவரை ஒரே இழுப்பில் சரிசெய்துவிடலாம். பல்லைக் கடித்துக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நம்பிக்கை இல்லாமல் மனைவி பக்கத்திலேயே காவலிருந்தாள்.

புட்டி இறுகிய பிறகு மகள் வந்து பொம்மையை எடுத்தாள். அவள் உதடு ஒரு பக்கமாக மேலே போனது. அவர் அதைப் பார்த்தார். மேஜையில் நேர்வாயோடு நின்ற மகள் பொம்மையையும் பார்த்தார். பெற்ற பிள்ளையின் முகத்தையே திருத்தி வைத்திருக்கிறோமே என்று அவருக்குத் துக்கமாகிவிட்டது.

"என் வாயையும் கோணலாக்கிடுங்கப்பா."

காலைக்குள் இறுகிவிடும். பிளேடால் அந்த நேர்வாயைச் செதுக்கி எடுத்துவிட்டு, மறுபடி நீலத்தையும் மஞ்சளையும் பிசைய ஆரம்பித்தார். பிசையும்போது அவர் வாய் ஒரு பக்கமாகப் போயிருந்தது. அது அவருக்குத் தெரியாது. தாயும் மகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.