நிற்காமல் ஓடிய நிரல்

பாச்சாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் நாங்கள் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். ஜாவா என்ற நிரல்மொழி அப்போதுதான் புதிது. ஜாசினிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அக்காவுக்கு எனக்கு அடுத்த மேசை. ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. திரையில் பிழைச் செய்தி வந்தால் நாங்கள் உடனே அழித்துவிடுவோம். அவர் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிவரை படிப்பார்.

ஒரு கிளினிக்கில் மருந்துப் புட்டிக்கு லேபல் அச்சிடும் எங்கள் நிரல் அடிக்கடி நின்றுபோனது. முதலாளி அக்காவிடம் கடுப்பானார்.

“எந்தப் பிழை வந்தாலும் பிடிச்சு அமுக்கிடு லா. ஓடிக்கிட்டே இருக்கணும்.”

“எக்ஸெப்ஷன்னா சமாளிக்கிற பிழை, பிடிக்கலாம் பாஸ். இது எரர், சமாளிக்க முடியாதது. மெமரியே தீர்ந்துபோச்சுன்னு சொல்லுது. இதுக்கு மேல ஓடுனா என்ன செய்யும்னு எனக்கே தெரியாது. நிக்கட்டும்.”

முதலாளி வேறொருவரை வைத்து அந்தப் பிழையை அமுக்கினார். பிறகு நிரல் நிற்கவேயில்லை. கிளினிக்கில் எல்லாருக்கும் சந்தோஷம். அக்கா மட்டும் மதிய ஓய்வில் அங்கே போய், வெளிவரும் லேபல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் நானும் கூடப் போனேன். ஒரு தாய் குழந்தையின் காய்ச்சல் மருந்தை வாங்கித் திரும்பினாள். அக்கா பாய்ந்துபோய்ப் புட்டியைப் பிடுங்கினார். லேபலில் இருந்தது, சற்றுமுன் வந்துபோன பெரியவரின் பெயரும் அவருக்கான அளவும். குழந்தையின் விவரம் ஏறாமலே நிரல் பழையதை அச்சிட்டிருந்தது.

அக்கா கணினியின் சுவிட்சை அணைத்தார். “இனிமே கையால எழுதுங்க.”

அதன்பின் அவர் வேலைக்கு வரவில்லை. அதற்கு முன் எத்தனை புட்டிகள் அப்படி வீடு போய்ச் சேர்ந்தன என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.