பின்சில்லுக்குப் போகிற பைப்

பிரேக் பெடலில் வைத்த கால் நிற்காமல் கீழே போனது. தரையில் போய் முட்டிய பிறகும் கார் நிற்கவில்லை.

குருநகரில் மீன் வாங்கிக்கொண்டு வட்டுக்கோட்டைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். பக்கத்தில் கணவர், பின்னால் பிள்ளைகள் இரண்டு பேரும். முன்னால் வெங்காய மூட்டைகளோடு போன உழவு இயந்திரம் திடீரென்று நின்றுவிட்டது. நான் கைபிரேக்கை இழுத்த இழுப்பில் தோள்மூட்டு நொந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பி வீதிக்கரை மணலில் இறக்கினேன். ஒரு பனைமட்டை வேலிக்கு ஒரு முழம் இருக்கையில் கார் நின்றது.

மூத்தவள் கேட்டாள், "அம்மா, ஏன் இஞ்சை நிப்பாட்டினீங்கள்?"

வீட்டுக்கு வந்ததும் கணவர் மீனை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னார். "இனி இந்தக் காரிலை பிள்ளையளை ஏத்தக் கூடாது."

அதில் பிழை சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் அது என்னுடைய கார். அறுபது வயது தாண்டிய, தவிட்டு நிறச் சின்னக் கார். ஆசுபத்திரியில் தாதியாக உழைத்துச் சேர்த்த காசில், ஊரெல்லாம் சிரிக்கச் சிரிக்க நானே விரும்பி வாங்கியது.

கராஜ்காரர் வந்து பார்த்தார். சாரதியின் காலடியில் கிடந்த விரிப்பைத் தூக்கி, தரைக்குக் கீழே இருக்கும் பிரேக் ஒயில் தொட்டியின் மூடியைத் திறந்தார். அடியில் ஒரு சொட்டுத்தான் கிடந்தது. "மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் தேஞ்சுபோச்சுது, தங்கச்சி" என்றார். ரப்பர் மாற்றி, ஒயிலும் நிரப்பினார். பத்து நாள் கழித்துத் திறந்தால் இரண்டு விரல் அளவு குறைந்திருந்தது.

"வித்துப்போடுவம்" என்றார் கணவர்.

"ரெண்டு கிழமை தவணை தாங்கோ" என்றேன்.

கணவரின் தங்கை, என் மச்சாள், எங்களோடுதான் இருக்கிறாள். உடுப்புத் தைப்பவள். நான் அவளை மச்சாள் என்பேன், அவளும் என்னை மச்சாள் என்பாள். காரைப் பற்றி இரண்டு பேருக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு நோயாளிக்கு எங்கேயோ இரத்தம் போகிறது, வெளியே தெரியவில்லை என்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். முதலில் அளக்க வேண்டும்.

துடைத்த தென்னை ஈர்க்கு ஒன்றைத் தொட்டிக்குள் விட்டு, ஒயில் நின்ற இடத்தில் பேனையால் கோடு போட்டேன். இரண்டு நாள் காரை அசைக்கவே இல்லை. ஒயில் கோட்டை விட்டு இறங்கவில்லை. சீமெந்துத் தரையிலும் ஒரு சொட்டு இல்லை. மூன்றாம் நாள் வயல்வெளி ஒழுங்கையில், ஆளில்லாத நேரமாய்ப் பார்த்து, நடக்கிற வேகத்தில் ஓட்டி ஓட்டி இறுக்கிப் பிரேக் பிடித்தேன். கை கைபிரேக்கிலேயே இருந்தது. வந்து பார்த்தால் ஒயில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

"மச்சாள், நிண்டால் குறையேல்லை. பிரேக் பிடிச்சால்தான் குறையுது!"

"அப்ப றோட்டிலை ஊத்திப்போட்டு, வீட்டை வந்து நல்ல பிள்ளை மாதிரி நிக்குது" என்றாள் அவள்.

சனிக்கிழமை எனக்கு ஓய்வு. சில்லுகளுக்குக் கல் வைத்து, ஜக் அடித்து, அச்சுக்குக் கீழே பனங்குற்றிகளை வைத்தோம். சில்லு ஒவ்வொன்றாய்க் கழற்றி, பிரேக் டிரம்மைத் தட்டி எடுத்துப் பார்த்தோம். நாலுக்குள்ளும் கறுத்தத் தூசிதான், ஈரமே இல்லை. ஒரு மத்தியானம் முழுக்கப் போயிற்று. மண்ணில் குந்தியிருந்த எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

மச்சாள் தையல் மெசினடியில் இருந்து ஒரு கைப்பிடி வெள்ளைத் துணி வெட்டுகளோடு வந்தாள்.

"மெசின் எங்கை எண்ணெய் விடுதெண்டு நான் இப்பிடித்தான் பாக்கிறனான். வெள்ளைச் சீலை பொய் சொல்லாது."

அவள் வெட்டி வெட்டித் தர, நான் காருக்குக் கீழே மல்லாந்து கிடந்து பிரேக் பைப்பின் ஒவ்வொரு மூட்டிலும், ஒவ்வொரு வளைவிலும் ஒரு துண்டு கட்டினேன். மொத்தம் பதினாறு. சில்லுகளைத் திரும்பப் பூட்டி, தொட்டியை நிரப்பி, அதே ஒழுங்கையில் நாலு தரம் போய்வந்தோம். பிறகு மறுபடியும் கீழே போனேன்.

முதலாவது தூசி. இரண்டாவதும் தூசி. எண்ணிக்கொண்டே பின்பக்கம் நகர்ந்தேன். பன்னிரண்டாவது துண்டு, இடது பின்சில்லுக்குப் போகிற பைப்பை அச்சோடு பிடித்து வைத்திருந்த கிளிப்புக்குப் பக்கத்தில் கட்டியது, தேயிலைச் சாயத்தில் தோய்த்தது போல நனைந்து கிடந்தது.

"மச்சாள்! பெடலை அமத்தும்! ரெண்டு காலாலையும் அமத்தும்!"

அவள் ஏறி அமத்தினாள். கிளிப்புக்குள் இருந்து ஊசியை விட மெல்லிய ஒரு நீர்க்கோடு பீச்சி வந்து என் மூக்குக்கண்ணாடியில் அடித்தது. நான் போட்ட சத்தத்துக்கு அடுத்த வீட்டு வளவு நாய் குரைத்தது.

"என்ன மச்சாள், காயமோ?"

"இல்லை! கண்டுபிடிச்சிட்டன்! கண்டுபிடிச்சிட்டன்!"

மெல்ல மிதித்தால் துருப்பிடித்த கறளும் மண்ணும் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இறுக்கி மிதித்தால்தான் பீச்சுகிறது. முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவும்போதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

திங்கட்கிழமை அந்தப் பைப்பைக் கழற்றிப் பேப்பரில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். குருநகரில் வள்ளங்களின் எஞ்சினுக்கும் பழைய வாகனங்களுக்கும் பைப் வளைத்துக் கொடுக்கிற ஐயா ஒருவர் இருக்கிறார். அவர் கறளைச் சுரண்டிவிட்டு, பைப்பை வெயிலுக்குப் பிடித்து என்னிடம் காட்டினார்.

"பாருங்கோ பிள்ளை, கிளிப்புக்குக் கீழைதான் உப்புத்தண்ணி தங்கும். கடக்கரை றோட்டாலை ஓடினால் அடிப்பக்கத்தையும் கழுவோணும்."

"ஓம் ஐயா. ஆர் கண்டுபிடிச்சதெண்டு கேக்கேல்லையே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் பதினாறு துண்டுக் கதையையும் சொன்னேன். அவர் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார். பிறகு பழையதைப் போலவே புதிய இரும்புப் பைப்பை வளைத்து, பூட்டுவதற்கு ஏற்றபடி இரண்டு நுனியையும் விரித்துத் தந்தார்.

அதைப் பூட்டிய பின், உள்ளே போன காற்றை வெளியே எடுக்க வேண்டும். சேலைன் ஏற்றுகிற குழாய் ஒன்றை மருந்துக் கடையில் வாங்கியிருந்தேன். ஒரு நுனியைச் சில்லடியில் உள்ள காற்றுத் திருகாணியில் மாட்டி, மறு நுனியை ஒயில் விட்ட கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டேன்.

"அமத்தும்."

"அமத்திட்டன்."

நான் திருகாணியை இளக்கினேன். குமிழிகள் கொப்பளித்துக்கொண்டு வந்தன. திரும்ப இறுக்கிவிட்டு, "விடும்" என்றேன்.

எத்தனை தரம் என்று நினைவில்லை. குமிழிகள் சிறுத்து, பிறகு ஒன்றுமே வராமல் வெறும் ஒயில் மட்டும் கோடாய் ஓடியது. மச்சாள் மேலே இருந்து கத்தினாள். "மச்சாள், பெடல் கல்லு மாதிரி நிக்குது!"

ஒரு கிழமை வழக்கம் போல ஓடினேன். ஈர்க்கில் ஒயில் கோட்டை விட்டு அசையவில்லை. பிறகு ஒரு பின்னேரம் கணவரைக் கூட்டிக்கொண்டு ஒழுங்கைக்குப் போனேன். மச்சாளும் பின்சீற்றில் ஏறிக்கொண்டாள்.

"நீங்கள் ஓடுங்கோ. இறுக்கிப் பிடிச்சுப் பாருங்கோ" என்றேன்.

முதல் தரம் பயந்து பயந்து மிதித்தார். கார் நின்றது. இரண்டாம் தரம் கொஞ்சம் வேகமாகப் போய் மிதித்தார். புழுதி எழும்பி முன்னால் போக, கார் மிதித்த இடத்திலேயே நின்றது. அவருடைய முகத்தில் ஒரு சிரிப்பு வரத் தொடங்கியது. காரைத் திருப்பினார், திரும்பவும் ஓடினார், திரும்பவும் மிதித்தார். மூன்று, நாலு, ஐந்து.

ஆறாவது தரம் மச்சாளின் நெற்றி என் சீற்றில் வந்து இடித்தது.

"அண்ணை, போதும்! காரை வீட்டுக்கு விடுங்கோ!"

"இன்னும் ஒருக்கால்" என்றார் அவர். "அதுக்குப் பிறகு போய்ப் பிள்ளையளை ஏத்துவம்."